ஒலிம்பஸ் ட்ரிப் 35: யாழ்ப்பாணத்து வெயிலில் பழைய பிலிம் கமராவைப் பயன்படுத்துவது

கோண்டாவில் வாசி:

வணக்கம். என் பெரியப்பா 1980களின் தொடக்கத்தில் இலண்டனிலிருந்து கொண்டுவந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 கமரா இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. லென்ஸைச் சுற்றி வளையமாக ஒளிக்கலம் பதித்த, பற்றரி தேவைப்படாத அந்தச் சிறிய கமராதான். சட்டர் அடிக்கிறது, பிலிம் சுற்றும் சில்லும் இறுகவில்லை. அதற்கு மேல் அதன் நிலைமையை எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு றோல் சில ஆயிரம் ரூபாய் விற்கும் இந்தக் காலத்தில், கமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைப் பிலிமைச் செலவழித்துத்தான் அறிய வேண்டுமா, அல்லது முன்கூட்டியே அறிய வழி உண்டா? எங்கள் வெயிலுக்கு எந்த வேகப் பிலிம், அதாவது எவ்வளவு ஒளியுணர்வுள்ள பிலிம், பொருந்தும், எடுத்ததை எங்கே கழுவுவது என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இதை அலுமாரியில் அழகுக்கு வைக்கும் எண்ணம் எனக்கில்லை. வீட்டு ஆட்களையும் ஊரையும் இதனால் தொடர்ந்து படமெடுக்க விரும்புகிறேன்.

பழைய இருட்டறை:

தம்பி, பிலிம் போடாமலே இந்தக் கமராவின் உயிரை முக்கால் பங்கு அறிந்துவிடலாம். லென்ஸ் வளையத்தை ஏ என்ற சிவப்பு எழுத்தில் வைத்து, முன்பக்கத்தை உள்ளங்கையால் முழுவதும் மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். பார்வைத் துளைக்குள் ஒரு சிவப்புக் கொடி எழும்பி, சட்டர் அடிக்காமல் நிற்க வேண்டும். பிறகு முற்றத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து அழுத்தினால் கொடி எழும்பாமல் சட்டர் அடிக்க வேண்டும். இரண்டும் நடந்தால் லென்ஸைச் சுற்றியுள்ள செலினிய ஒளிக்கலம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து படமெடுப்பதையும் இதே கொடி தடுத்துவிடும், ஏனெனில் மூடி ஒளிக்கலத்தையும் சேர்த்து மறைக்கிறது.

அடுத்த சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்கதவைத் திறந்து, வளையத்தை 2.8 இல் வைத்து ஒருமுறையும் 22 இல் வைத்து ஒருமுறையும் அடித்து, லென்ஸின் ஊடாக வெளிச்சத்தைப் பாருங்கள். முதலாவதில் அகலமான துவாரமும் இரண்டாவதில் ஊசிமுனை அளவான துவாரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால் துவாரத் தகடுகளில் எண்ணெய் படிந்து ஒட்டியிருக்கிறது. இந்த மொடலில் மிகவும் பொதுவான கோளாறு இதுதான். ஒளிக்கலமும் கொடியும் சரியாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே தகடுகள் அசையாமல் கிடக்கலாம் என்பதால், கொடியை மட்டும் நம்பிப் பிலிம் போட்டவர்களுக்கு றோல் முழுவதும் அளவுக்கு மிஞ்சிய ஒளியோடு வந்திருக்கிறது.

மூன்றாவதாக, பின்கதவின் விளிம்புக் காடியில் விரலை வைத்துப் பாருங்கள். கறுப்புத் தார்போல ஏதாவது ஒட்டினால், ஒளியைத் தடுப்பதற்காக ஒட்டிய பஞ்சு உருகிவிட்டது. பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பற்குத்தியால் அதை முழுவதும் வழித்தெடுத்து, காடிக்குள் கறுப்புக் கம்பளி நூலையும் பிணைச்சல் பக்கத்தில் மெல்லிய கறுப்பு வெல்வெற் துணியையும் ஒட்டிவிடலாம். இரண்டும் தையல் சாமான் கடையிலேயே கிடைக்கும். ஸ்பிரிட் துளி சட்டர்ப் பக்கம் வழிந்துவிடாதபடி கமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

தோல் உறையை இன்றே அகற்றிவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸில் சிலந்தி வலைபோலப் படரும் பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. இறுக்கமான மூடியுள்ள பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, அவை ஈரமேறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள்.

கோண்டாவில் வாசி:

மிக்க நன்றி ஐயா. கொடிச் சோதனையும் துவாரச் சோதனையும் சரியாக வந்தன. பஞ்சுதான் நீங்கள் சொன்னபடி முற்றாக உருகியிருந்தது. கம்பளி நூல் போட்டுவிட்டேன். பிலிம் வேகத்தைப் பற்றிச் சொல்ல முடியுமா? இணையத்தில் எல்லோரும் 400 வேகப் பிலிமையே பரிந்துரைக்கிறார்கள்.

பழைய இருட்டறை:

அந்தப் பரிந்துரை முகில் மூடிய நாடுகளில் இருப்பவர்களுடையது. கணக்கைப் பார்ப்போம். ட்ரிப் 35 இல் இரண்டே சட்டர் வேகங்கள்தான் உண்டு: ஒன்று 1/40 விநாடி, மற்றது 1/200 விநாடி. துவாரம் 2.8 இலிருந்து 22 வரை. நல்ல வெயிலில் துவாரத்தை 16 இல் வைத்தால் பிலிமின் வேக எண்ணையே சட்டர் வேகமாகக் கொள்ளலாம் என்பது ஸ்ரூடியோக்காரர் எல்லோரும் கைக்கொண்ட விதி. அதன்படி 400 பிலிமுக்கு வெயிலில் 16 இல் 1/400 தேவை. இந்தக் கமராவால் அதற்கு ஈடாகக் கொடுக்கக்கூடியது 22 இல் 1/200 மட்டுமே. அதாவது சாதாரண வெயிலிலேயே கமரா தன் எல்லையின் கடைசிப் படியில் நிற்கிறது. காரைநகர் கசூரினாக் கடற்கரையின் வெள்ளை மணலிலோ மணற்காட்டிலோ நண்பகலில் நின்றால் அந்த எல்லையும் போதாது. 200 பிலிம் போட்டால் 16 இல் 1/200 என்று கணக்கு அச்சொட்டாகப் பொருந்துவதோடு, மேலே இன்னொரு படியும், அதாவது ஒளியைப் பாதியாகக் குறைக்கும் இடமும், மிச்சமிருக்கும். ஆகவே சித்திரை, வைகாசி வெளிச்சத்துக்குக் கோடாக் கோல்ட் 200 அல்லது கலர்பிளஸ் 200 போதும். மழைக்கால மந்தாரத்துக்கும் மாலை நேரத்துக்கும் 400 ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் மின்விளக்கு வெளிச்சத்தில் இதை நம்ப வேண்டாம். 400 பிலிமோடுகூட மாலை ஆனதும் கொடி எழும்பிவிடும். விறாந்தை, யன்னலோரம், முற்றம், கிணற்றடி, வேலியோரம் ஆகியவைதான் இந்தக் கமராவின் இடங்கள்.

குவியத்துக்கு நான்கு குறிகள் இருக்கின்றன. ஒருவரின் தலை ஒரு மீற்றர், இருவர் ஒன்றரை மீற்றர், கூட்டம் மூன்று மீற்றர், மலை தூரம். வெயிலில் துவாரம் சிறுத்திருப்பதால் கூட்டக் குறியிலேயே விட்டுவைத்தாலும் பெரும்பாலானவை தெளிவாக வரும். நிழலில் ஒருவரை அருகில் நின்று எடுக்கும்போது மட்டும் தூரத்தைச் சரியாக மதியுங்கள், ஏனெனில் அப்போது துவாரம் அகலத் திறந்திருக்கும்.

பிலிம் போட்டபின் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இடப்பக்கத்துத் திருகி தானாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். அது சுழலாவிட்டால் பிலிம் பல்லில் பிடிக்கவில்லை. நீங்கள் வெறுங்கமராவை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பருத்தித்துறைக் காற்று:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு உழைப்பும் எதற்கு என்ற கேள்வியை யாராவது நேராகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். றோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி, தபால் செலவு எல்லாவற்றையும் கூட்டி 36 ஆல் வகுத்தால், ஒரு படத்துக்கு ஆகும் செலவு ஒரு மாணவனின் மதியச் சாப்பாட்டுக்கு அருகில் வருகிறது. கையிலிருக்கும் தொலைபேசி இருட்டிலும் எடுக்கும், அசைவையும் பிடிக்கும், உடனே அனுப்பவும் விடும். எங்கள் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியையோ பிறந்தநாளையோ இரண்டு வேகமுள்ள ஒரு கமராவை நம்பி விடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. வருமானம் இறுகியிருக்கும் குடும்பங்கள் இதை ஒரு நாகரிகமாக எண்ணிப் பின்தொடரக் கூடாது என்பதே என் கவலை. பழைய கமராக்களின் விலையும் அப்படித்தான் ஏறிவிட்டது. 1997 இல் வந்த ஒலிம்பஸ் மியூ 2 போன்ற தானியங்கிக் கமராக்களை இன்று வாங்குபவர், உள்ளிருக்கும் மின்சுற்று பழுதானால் திருத்த ஆளில்லாத ஒரு பொருளுக்குப் பெருந்தொகை கொடுக்கிறார்.

கொக்குவில் யாழினி:

மியூ 2 பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி அண்ணா. யாராவது புதிதாக வாங்கப் போனால் நானும் அதைத் தடுப்பேன். பிறந்தநாளையும் ஓட்டப் போட்டியையும் தொலைபேசியில் எடுப்பதே முறை. ஆனால் இங்கே கேட்டவரிடம் கமரா ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பற்றரிச் செலவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு றோல் என்று வைத்துக்கொண்டால் செலவு தாங்கக்கூடியதே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் நெகட்டிவ். என் தொலைபேசிகள் பழுதானபோது அவற்றிலிருந்த படங்களில் எவை எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அம்மாவின் தகரப் பெட்டியில் கிடந்த நெகட்டிவ் துண்டுகளிலிருந்தோ, அம்மம்மாவின் இளவயது முகத்தைச் சென்ற வருடம் நானே எடுத்துப் பெரிதாக்கினேன். அதற்கு எந்தக் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. வெளிச்சத்தில் பிடித்தாலே ஆள் தெரிகிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இது சிறிய விடயமல்ல.

ஆகவே கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். நான் கொழும்புக்கு அனுப்பிய ஒரு றோலுக்கு ஸ்கேன் மட்டும் மின்னஞ்சலில் வந்தது. நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதன்பிறகே கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவத் தொடங்கினேன்.

பழைய இருட்டறை:

மகள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நான் வேலைசெய்த ஸ்ரூடியோவின் நெகட்டிவ்கள் எல்லாம் கடதாசி உறைகளில் இலக்கமிட்டபடி உள்ளேயே விடப்பட்டன. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. அதன்பின் எத்தனையோ பேர் இலக்கம் எழுதிய பழைய துண்டை வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளையின் அடையாள அட்டைப் படத்தில் இன்னொரு பிரதி போடலாமா என்று கேட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் அப்போது உயிரோடில்லை. ஸ்ரூடியோவில் இருப்பது பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், நெகட்டிவ் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கடையில் விட்டுவைக்க வேண்டாம். முடிந்தால் பிரதி இன்னொரு வீட்டில் இருக்கட்டும்.

பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த அந்தத் தொண்ணூறுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில், பற்றரிக் கமராக்கள் மேசையில் கிடக்க இந்த ட்ரிப் வகைக் கமராக்களால் படமெடுக்க முடிந்தது என்பதையும் இளையவர்கள் அறிந்திருப்பது நல்லது. பிலிம் கிடைப்பதுதான் அப்போது பெரும்பாடு.

கோண்டாவில் வாசி:

யாழினி அக்கா, வீட்டில் கழுவும் முறையைக் கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா? எங்கள் சூட்டில் அது முடியுமா என்பதே என் ஐயம்.

கொக்குவில் யாழினி:

முடியும். ஆனால் புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே செய்தால் முடியாது. கறுப்பு வெள்ளைக்கான நேரங்கள் எல்லாம் 20 பாகை செல்சியசுக்கு எழுதப்பட்டவை. எங்கள் குழாய்த் தண்ணீர் 28, 30 பாகையில் வருகிறது. இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளைப் பிலிமை, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரான ஐ.டி-11 மருந்தில் நீர் சேர்க்காமல் கழுவ 20 பாகையில் ஏழரை நிமிடம் ஆகும். 30 பாகையில் அது மூன்று நிமிடமளவுக்குக் குறைந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் மருந்து எல்லா இடமும் சீராகப் பிடிக்காமல், வானம் திட்டுத்திட்டாக வரும். ஆகவே மருந்தை ஒன்றுக்கு ஒன்று நீர்கலந்து வைத்துக்கொள்கிறேன். அப்போது 20 பாகையில் 13 நிமிடம். பெரிய பேசினில் தண்ணீர் விட்டு, ஐஸ் கட்டிகளைப் பொலித்தீன் பையோடு போட்டு, மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும் அதற்குள் நிறுத்தி, வெப்பமானி 24 பாகைக்கு இறங்கியதும் தொடங்குகிறேன். அந்த வெப்பத்தில் 9 நிமிடமளவு போதும். 20 வரை இறக்க வேண்டும் என்று போராடுவதைவிட, 24 இல் தொடங்கி அங்கேயே பிடித்து வைத்திருப்பது எங்கள் சமையலறையில் நடைமுறைச் சாத்தியமானது. டெவலப்பரும், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தும், கடைசிக் கழுவல் தண்ணீரும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். குளிர்ந்த மருந்திலிருந்து சூடான தண்ணீருக்குப் போனால் மேற்பூச்சு சுருங்கி வெடித்ததுபோல் ஆகிவிடும். இளகியிருக்கும்போது விரல் பட்டாலும் கீறும்.

தண்ணீர்தான் அடுத்த பெரிய விடயம். எங்கள் நிலம் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்திலுக்குள் வெள்ளைப் படிவு பிடிப்பதைப் பார்க்காத வீடு இங்கே இல்லை. அதே படிவு பிலிம் காயும்போது வெள்ளைப் புள்ளிகளாக விழும், பிறகு தேய்த்தாலும் போகாது. ஆகவே மருந்து கரைப்பதற்கும் கடைசியாக ஒருமுறை அலசுவதற்கும் வாகன பற்றரிக்கு விடும் வடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். இடையிலான கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். காய வைப்பதற்குக் குளியலறை நல்லது. இரண்டு வாளி தண்ணீரைச் சுவரில் ஊற்றித் தூசியை அடக்கிவிட்டு, கதவைச் சாத்தி, உடுப்புக் கிளிப்பில் தொங்கவிடுங்கள்.

பாவித்த ஹைப்போவைக் கிணற்றடியிலோ வாழையடியிலோ ஊற்ற வேண்டாம். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. எங்கள் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்குள் இறங்க அதிக நாள் எடுக்காது. ஒரு கானில் சேர்த்து, சாதாரண இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டுச் சில நாட்கள் மூடி வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி அடியில் கறுப்புச் சேறாகப் படியும். நான் அந்தக் கானை வீட்டிலேயே மூடி வைத்திருக்கிறேன்.

கலர் பிலிமுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 பாகையில் 3 நிமிடம் 15 விநாடி இருக்க வேண்டும். எங்கள் சூட்டில் அந்த வெப்பத்துக்கு ஏற்றுவது எளிது. ஆனால் கரைத்த மருந்து விரைவில் கெட்டுவிடும். பல றோல்களைச் சேர்த்து ஒரே கிழமையில் கழுவுபவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

ரொறன்ரோ நேயன்:

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் பிலிம் எடுப்பிக்கும் எண்ணமிருந்தால் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பாரப் பொதியில் பிலிமைப் போடவே கூடாது. அந்தப் பொதிகளைப் பார்க்கும் கதிர்க் கருவி பிலிமைப் புகைத்துவிடும். கைப்பையில் கொண்டுவந்தாலும், பல விமான நிலையங்களில் இப்போது பொருத்தப்பட்டிருக்கும் சி.ரி வகைக் கருவி ஒரே தடவையில் பாதிக்கக்கூடியது. பிலிமை வெளியே எடுத்துத் தெளிவான பொலித்தீன் பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேட்பதே வழி. படமெடுத்து முடித்த பிலிமுக்கும் இது பொருந்தும்.

பருத்தித்துறைக் காற்று:

நெகட்டிவ் பற்றிய கருத்தை ஏற்றுக்கொள்கிறேன். தொலைபேசிப் படங்களையும் தெரிந்தெடுத்து அச்சிட்டு வைத்தால் அதே பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைக்கும் என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. இன்னொன்று: பழைய ஸ்ரூடியோக்களில் மிஞ்சிய காலாவதியான றோல்கள் என்று சிலர் விற்கிறார்கள். அவற்றை வாங்கலாமா?

பழைய இருட்டறை:

அச்சிடுவது மிகவும் நல்லது. எல்லோரும் அதைச் செய்ய வேண்டும்.

காலாவதியான றோல்களை வாங்க வேண்டாம். பத்தாண்டுக்கு ஒரு படி ஒளியைக் கூட்டிக் கொடுத்தால் சரிவரும் என்று சொல்லப்படும் கணக்கு, குளிரில் வைத்த பிலிமுக்கு உரியது. தகரக் கூரைக்குக் கீழே பல பங்குனி வெயிலைக் கண்ட றோலில் புகைமூட்டம்தான் மிஞ்சியிருக்கும். புதிய றோலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் சில மணிநேரம் வெளியே விட்டபின் திறவுங்கள். இல்லாவிட்டால் எங்கள் ஈரக்காற்று பிலிமின் மேல் வியர்த்துவிடும். கமராவில் போட்ட றோலை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விடவும் வேண்டாம், மாதக்கணக்கில் முடிக்காமல் வைத்திருக்கவும் வேண்டாம்.

வேலணை மேற்கு:

என்னிடமும் ஒரு ட்ரிப் 35 இருக்கிறது. ஆனால் நல்ல வெயிலிலும் சிவப்புக் கொடி எழும்பிவிடுகிறது. ஒளிக்கலம் செத்துவிட்டது என்று நினைக்கிறேன். துவாரம் சரியாகத் திறந்து மூடுகிறது. இதை எறிந்துவிடுவதைத் தவிர வழியில்லையா?

பழைய இருட்டறை:

எறிய வேண்டாம். வளையத்தை ஏ இலிருந்து விலக்கி ஏதாவது ஒரு துவார எண்ணில் வைத்தால் கொடி தலையிடாது. சட்டர் 1/40 இல் அடிக்கும். பிளாஷுக்காக வைத்த வசதி அது. அந்த வேகத்துக்கு 100 பிலிம் போட்டால் கணக்கு சரிவருகிறது. நல்ல வெயிலுக்கு 22, மெல்லிய முகிலுக்கு 16, நிழல் விழாத மந்தாரத்துக்கு 11, மரநிழலுக்கு 8, விறாந்தைக்கு 4 அல்லது 2.8. நெகட்டிவ் பிலிம் ஒரு படி கூடுதலான ஒளியை எளிதாகத் தாங்கும், குறைவைத்தான் தாங்காது; ஆகவே ஐயம் வந்தால் துவாரத்தைக் கொஞ்சம் அகலத் திறவுங்கள். 1/40 இல் கை அசைந்தால் படம் கலங்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்த இடத்தில் மெதுவாக அழுத்துங்கள்; நடப்பவரையும் சைக்கிளில் போகிறவரையும் எடுக்க முயல வேண்டாம்.

நீங்கள் தீவகத்தில் இருப்பதால் இன்னொன்று. குறிகட்டுவானிலிருந்து படகில் போகும்போது கமராவைப் பைக்குள் வைத்திருங்கள். உப்புத் துளி பட்டுவிட்டால் கரை சேர்ந்த உடனேயே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸில் பட்டதைத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். உப்பு மணி கீறிவிடும். ஈரமாக்கிய பஞ்சு முனையால் முதலில் கரைத்து எடுத்தபின்பே துடையுங்கள்.

கோண்டாவில் வாசி:

எல்லோருக்கும் நன்றி. 200 வேகக் கலர் றோல் ஒன்று போட்டு, முதலில் வீட்டு ஆட்களை முற்றத்தில் வைத்து எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். திருகி சுழல்கிறது. கழுவக் கொடுக்கும் இடத்தில் நெகட்டிவைத் திருப்பித் தருவதாக எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறேன். அடுத்த றோல் கறுப்பு வெள்ளை. யாழினி அக்கா, கழுவும் தொட்டியையும் இருட்டுப் பையையும் ஒருநாள் இரவலாகப் பெற முடியுமா?

கொக்குவில் யாழினி:

தாராளமாக. ஞாயிறு காலையில் வாருங்கள், ஐஸ் நான் போட்டு வைக்கிறேன். வரும்போது இரண்டு போத்தல் வடிதண்ணீர் வாங்கி வாருங்கள். பாழான பழைய பிலிம் துண்டு ஏதாவது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். உங்கள் றோலைத் தொடுவதற்கு முன் இருட்டுப் பைக்குள் கையை விட்டுச் சுருளில் ஏற்றிப் பழகலாம்.